வழி சொல்ல ஆளில்லாத உலகங்கள்

சென்ற ஆடி மாதம் புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் காதுகுத்து. செல்போன் மேப்பை நம்பி மோட்டார் சைக்கிளில் போனேன். அது ஒரு தைலமரக் காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் மரம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தொரட்டியோடு அருகில் வந்தார்.

"எங்க தம்பி போகணும்?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"வந்த வழியே திரும்புங்க. ஒரு ஊரணி வரும், தண்ணி இருக்காது. கரையில அய்யனார் குதிரை ரெண்டு நிக்கும், ஒண்ணுக்குக் காது ஒடைஞ்சிருக்கும். அந்தக் குதிரை மூஞ்சி பாக்குற பக்கம் போங்க. சோத்தாங்கைப் பக்கம் புளியமரம் வந்தா ஊரு வந்துருச்சுன்னு அர்த்தம். யாரு வீட்டு விசேஷம்?"

சொன்னேன். "அட, கொத்தனாரு வீடா! பந்தி முடியிறதுக்குள்ள போங்க" என்றார்.

குதிரையின் உடைந்த காதைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. இருபது வருடமாகக் கம்ப்யூட்டரில் பெரிய பெரிய உலகங்களில் சுற்றித் திரிந்து, ஒவ்வொரு முறையும் பாதியில் சலித்துப்போய் நிறுத்தியிருக்கிறேன். அந்தச் சலிப்பின் காரணம் அந்தத் தைலமரக் காட்டிலும் இருந்தது, அந்தப் பெரியவரின் பேச்சிலும் இருந்தது.

ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜி என்று சொல்லப்படும் விளையாட்டுகளைப் பற்றித்தான் சொல்கிறேன். ஒரு கதாபாத்திரத்தை நாம் ஏற்கிறோம். அவன் பலம், திறமை, ஆயுதம் எல்லாம் மெல்ல மெல்ல வளரும். அவன் நடமாட ஒரு நாடே விரிந்துகிடக்கும். கதை ஒரு பக்கம் காத்திருக்க, நாம் எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம். தூரத்தில் தெரியும் மலையைப் பார்த்து நடந்தால் அந்த மலையில் ஏறலாம். கேட்கும்போதே ஆசை வரும் வடிவம் இது. ஆசை வந்ததனால்தான் இவ்வளவு ஏமாற்றமும்.

இதன் வரலாற்றில் அளவு பற்றிய பெருமை ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. 1996இல் அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'டேகர்ஃபால்' விளையாட்டின் நிலப்பரப்பு மொத்தத் தமிழ்நாட்டையும்விடப் பெரியது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களும் நிலவறைகளும் அதில் இருந்தன. கையால் வரைந்து முடிகிற காரியமா அது? பெரும்பகுதியைக் கம்ப்யூட்டர் நிரலே உருவாக்கிக் கொட்டியது. ஊருக்குப் பெயர் மட்டும் மாறும், உள்ளே போனால் அதே சத்திரம், அதே தெரு. 27 வருடம் கழித்து 2023இல் அதே நிறுவனம் 'ஸ்டார்ஃபீல்டு' வெளியிட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள் என்று விளம்பரம் செய்தது. ஒரு கோளில் பார்த்த கைவிடப்பட்ட ஆய்வுக்கூடத்தை அடுத்த கோளிலும் பார்த்தார்கள் விளையாடியவர்கள். கட்டடம் மட்டுமல்ல, உள்ளே கிடக்கும் பொருளும் கிடந்த இடமும்கூட மாறவில்லை. கதாநாயகனுக்குச் சிறப்புச் சக்தி தரும் கோயில்களிலும் ஒவ்வொன்றிலும் அந்தரத்தில் மிதந்து ஒளிப்புள்ளிகளைத் தொடுகிற ஒரே சடங்குதான்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்க நான் சிரமப்பட வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் கிலோமீட்டர் கணக்கில் தைலமரம் நட்டிருக்கிறார்கள். சாலையிலிருந்து பார்த்தால் பச்சைப் பசேல் என்று காடு மாதிரி இருக்கும். உள்ளே போனால் கீழே புல் இல்லை, காய் இல்லை, கனி இல்லை. கண்மாய்க்கு வரவேண்டிய நீர் வரத்தும் போயிற்று என்று விவசாயிகள் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். பரப்பைக் கணக்கெடுத்தால் காடு, உள்ளே நடந்து பார்த்தால் காடில்லை. டேகர்ஃபாலிலிருந்து ஸ்டார்ஃபீல்டு வரை நான் கேட்ட குறைகளில் பாதி இந்த ஒரு படத்துக்குள் அடங்கிவிடும்.

மீதிப் பாதி அம்புக்குறியைப் பற்றியது. பெதெஸ்டாவே 2002இல் வெளியிட்ட 'மாரோவிண்ட்' பரப்பில் டேகர்ஃபாலைவிட மிகச் சிறியது, ஆனால் கையால் செய்தது. கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்ட கைதியாகத் தொடங்குகிறோம். பால்மோரா என்ற ஊரில் ஒருவரைப் பார்த்து ஒரு பொட்டலத்தைக் கொடுக்கவேண்டும். அவர் வீடு எங்கே என்று திரையில் எதுவும் மின்னாது. ஊருக்குப் போய், சத்திரத்தில் விசாரித்துத்தான் போகவேண்டும். அடுத்தடுத்த வேலைகளுக்கும் அப்படியே: பாலத்தைத் தாண்டு, இரண்டு பாறைகளுக்கு நடுவே வடக்கே திரும்பு என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கும். சில குறிப்புகள் தவறாகவே இருந்தன. வழி தவறி அலைந்தவர்கள் திட்டினார்கள்தான். ஆனால் அலைந்த இடமெல்லாம் மனதில் பதிந்தது.

2006இல் அடுத்த பாகமான 'ஆப்ளிவியன்' வந்தபோது திசைகாட்டியில் ஓர் அம்புக்குறி ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து நாம் நிலத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குறியைப் பார்த்து ஓட ஆரம்பித்தோம். வழி சொல்ல ஆள் தேவையில்லாமல் போனதும், வழி சொல்லும்படி நிலத்தைச் செய்யவேண்டிய தேவையும் போய்விட்டது. காது உடைந்த குதிரை எதற்கு? புளியமரம் எதற்கு? என் வருத்தத்தின் மையம் இதுதான். ஓர் இடம் நினைவில் நிற்கவேண்டுமானால் அதைப் பற்றி யாராவது நம்மிடம் பேசியிருக்கவேண்டும்.

அம்புக்குறிக்குப் பின்னால் சின்னங்கள் வந்தன. கோபுரத்தில் ஏறினால் சுற்றுவட்டாரம் முழுக்க மேப்பில் புள்ளிகள் பூக்கும். 2007இன் 'அசாசின்ஸ் கிரீட்' தொடரில் பழக்கத்துக்கு வந்த இந்த முறை ஆர்பிஜிகளையும் பிடித்துக்கொண்டது. போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் 2015இல் வெளியிட்ட 'விட்சர் 3' என் மனதுக்கு மிக நெருக்கமான விளையாட்டு. அதில் வரும் ரத்தப் பிரபுவின் குடும்பக் கதைக்கு ஈடாக நான் விளையாட்டுகளில் அதிகம் கண்டதில்லை. அவ்வளவு உயர்ந்த எழுத்து உள்ள அதே விளையாட்டில் ஸ்கெலிகே தீவுக் கடலெங்கும் கேள்விக்குறிகளைத் தெளித்து வைத்திருக்கிறார்கள். படகில் போய், பறந்து வந்து கொத்தும் கடல்மோகினிகளை விரட்டி, மூழ்கி எடுத்தால் கடத்தல்காரர் பெட்டியில் கொஞ்சம் காசும் பழைய வாளும். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. விட்டுவிட்டுப் போகலாமே என்பீர்கள். மேப்பில் கேள்விக்குறி ஒன்று நின்றுகொண்டே இருந்தால் மனம் விடுவதில்லை. முடிக்காத வேலை மாதிரி உறுத்தும்.

'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' 2014இல் வந்தபோது தொடக்கத்தில் வரும் ஹின்டர்லேண்ட்ஸ் என்ற மேட்டுநிலத்திலேயே பலர் இருபது முப்பது மணிநேரம் மூலிகை பறித்துக்கொண்டும் ஆட்டுக்கறி சேர்த்துக்கொண்டும் கிடந்தார்கள். அந்த இடத்தை விட்டுக் கிளம்புங்கள், கதை அதற்குப் பிறகுதான் இருக்கிறது என்று விமர்சகர்கள் எழுதவேண்டி வந்தது. அந்த வருடத்தின் மிகச் சிறந்த விளையாட்டு என்ற விருதையும் அது பெற்றது. பெதெஸ்டாவின் 'ஸ்கைரிம்', 'ஃபால்அவுட் 4' இரண்டும் இன்னும் ஒருபடி மேலே போய், கம்ப்யூட்டரே முடிவில்லாமல் வேலை உற்பத்தி செய்து கொடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. 2015இன் ஃபால்அவுட்டில் பிரஸ்டன் கார்வி என்ற நல்ல மனிதர், உதவி கேட்கும் குடியிருப்பு இன்னொன்று இருப்பதாகச் சொல்லிச் சொல்லியே உலகமெங்கும் விளையாடுபவர்களின் பொறுமையைச் சோதித்தார். இத்தனைக்கும் கதாநாயகன் கடத்தப்பட்ட தன் கைக்குழந்தையைத் தேடிக்கொண்டிருக்கிறான்! பிள்ளையைத் தேடிப் புறப்பட்ட தகப்பன் வழியில் நின்று தக்காளி நடுவானா? கதை அவசரப்படுத்துகிறது, உலகம் நிதானமாகச் சுற்றிப்பார்க்கச் சொல்கிறது. இரண்டையும் ஒரே விளையாட்டில் வைக்கும் வழியை மிகச் சிலரே கண்டிருக்கிறார்கள்.

ஆப்ளிவியனின் இன்னொரு பிழையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது இன்றுவரை பல வடிவங்களில் தொடர்கிறது. நாம் வளர வளர எதிரிகளும் கூடவே வளர்வார்கள். ஐம்பது மணிநேரம் பாடுபட்டு வீரனாகி, பழைய சாலையில் வந்தால், அரசர்களுக்குரிய கண்ணாடிக் கவசம் அணிந்த வழிப்பறிக்காரன் குறுக்கே நின்று நூறு பொற்காசு கேட்பான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் காலத்துக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம். உழைப்புக்குப் பலன் இல்லை என்றாகும்போது வளர்ச்சி என்ற சொல்லுக்கே பொருள் போய்விடுகிறது.

பொதி சுமக்கும் தொல்லை, திறக்கத் திறக்க வரும் ஒரே மாதிரி வாள்கள், இலை பறித்து மருந்து காய்ச்சும் வேலை, இவை பற்றியெல்லாம் எல்லாரும் நிறையப் பேசியாயிற்று. பிழைகளும் அப்படித்தான். 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வந்த ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து எடுக்கப்பட்டு, அடுத்த ஜூனில்தான் திரும்ப வைக்கப்பட்டது. பிறகு அதைச் சீராக்கினார்கள். பிழை திருத்தினால் தீரும். தைலமரம் அப்படித் தீராது.

நம் ஊரிலிருந்து பார்க்கும்போது மட்டும் தெரியும் குறைகளும் உண்டு. நான் இந்த உலகங்களுக்குள் நுழைந்தது புதுக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர் வழியாக. மணிக்கு 20 ரூபாய். 'வைஸ் சிட்டி' விளையாட்டில் காரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவதற்கு ஐந்து பேர் ஒரு நாற்காலியைச் சுற்றி நிற்போம். சொந்தக் கம்ப்யூட்டர் வாங்கி ஸ்கைரிம் போட்ட 2012, சென்னைக்கு வெளியே தமிழ்நாடெங்கும் நாளுக்குப் பத்து மணிநேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த வருடம். ஒரு மணிநேரம் கரண்ட், ஒரு மணிநேரம் இருட்டு. அந்த நாட்களில் வேறொரு விளையாட்டு, அதன் பெயர் வேண்டாம், நினைத்த இடத்தில் சேவ் செய்யவிடாது. குறிப்பிட்ட இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். மூன்று முறை ஒரே குகையின் வாசலில் கரண்ட் போயிற்று. நான்காவது முறை நான் போகவில்லை. இரவுபகலாகக் கரண்ட் இருக்கும், கணக்கில்லாமல் நேரம் இருக்கும், இங்கிலீஷ் தடையின்றி வரும் ஒருவனை மனதில் வைத்துத்தான் இவற்றைச் செய்கிறார்கள் என்பது அன்றுதான் உறைத்தது. ஸ்டார்ஃபீல்டுக்கு 125 ஜிபி இடம் வேண்டும். 2023இல் வந்தபோது விலை நான்காயிரம், ஐயாயிரம் ரூபாய் இருந்தது. இந்தக் கட்டுரையில் இதுவரை பெயர் சொன்ன விளையாட்டுகளில் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. நூற்றுக்கணக்கான மணிநேரம் பேச்சும் கடிதமும் புத்தகமுமாக நிறைந்த உலகத்தில், அக்கா மகன் மாதிரி அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் பையன் சண்டையை மட்டும் போட்டுவிட்டுப் பேச்சையெல்லாம் தட்டித் தள்ளிவிடுகிறான்.

அவன் விளையாடுவது செல்போனில். 2020இல் சீனாவின் மிஹோயோ 'கென்ஷின் இம்பேக்ட்' மூலம் இந்தப் பெரிய உலகத்தைக் கைக்குள் கொண்டுவந்தது. விலை இல்லை. ஆனால் பரிசுகளை எடுக்க 'ரெசின்' என்ற ஒன்று தேவை, அது 8 நிமிடத்துக்கு 1 என்ற கணக்கில் ஊறும். நல்ல கதாபாத்திரம் வேண்டுமானால் குலுக்கல், மிக உயர்ந்த வகை கிடைக்க அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். இதே அச்சில் வார்த்த விளையாட்டுகள் இப்போது நிறைய. அவற்றில் ஒன்றுக்காக அவன் காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்ததைப் பார்த்தேன்.

"எதுக்குடா இந்நேரத்துல?"

"இல்ல மாமா, இன்னைக்கு உள்ள வரலைன்னா பரிசு போயிரும்."

விளையாட்டு என்பது வேலை முடிந்தபின் செய்வது என்று எங்கள் அப்பத்தா சொல்லும். அவனுக்கு விளையாட்டே வருகைப் பதிவேடாகிவிட்டது. இந்த வகைமையின் குறைகளிலேயே இதைத்தான் நான் மன்னிக்கமாட்டேன்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இப்படியே செய்கிறார்கள்? 2022 ஜனவரியில் போலந்தின் டெக்லேண்ட் நிறுவனம், தன் 'டையிங் லைட் 2' விளையாட்டை முழுதாக முடிக்க 500 மணிநேரமாவது ஆகும், வார்சாவிலிருந்து மாட்ரிட்வரை நடக்கும் நேரம் அது என்று பெருமையாக அறிவித்தது. கேட்டவர்கள் மகிழவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும், எல்லாவற்றையும் செய்து முடிப்பவர்களுக்கான கணக்கு அது, கதைக்கு அவ்வளவு ஆகாது என்று விளக்கம் சொன்னார்கள். 500 என்பது விலையை நியாயப்படுத்தும் எண். வாங்குகிற நாமும் இதில் சேர்த்திதான். கொடுத்த காசுக்கு எத்தனை மணிநேரம் என்று நாமே வகுத்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? மேப்பின் அளவை முன்னோட்டப் படத்தில் காட்டமுடியும், ஒரு தெருவின் ஆழத்தைக் காட்டமுடியாது. ஆயிரக்கணக்கானவர்கள் பல நாடுகளில் பிரிந்து வேலை செய்யும்போது, ஒரே அச்சில் வார்க்கக்கூடியதுதான் வேகமாகக் கூடும். கடைசியாக, கடை. 2018இன் 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி' அனுபவப் புள்ளிகள் வேகமாக ஏறும் வசதியைத் தனி விலைக்கு விற்றது. நீளத்தைக் குறைத்துத் தர நம்மிடமே காசு வாங்கினால், நீளம் வேண்டுமென்றே கூட்டப்பட்டதோ என்ற சந்தேகம் வராதா?

மாற்று வழி தேடியவர்கள் உண்டு. நிண்டெண்டோவின் 'பிரெத் ஆஃப் த வைல்டு' 2017இல் கண்ணுக்குத் தெரியும் மலையையே வழிகாட்டியாக்கியது. அதில் 900 விதைகள் ஒளிந்திருக்கின்றன. பைகளை முழுதாக விரிவாக்க 441 போதும். தொள்ளாயிரத்தையும் சேர்த்தவருக்குச் சாண உருண்டை போன்ற தங்கப் பரிசொன்று தருவார்கள். எல்லாவற்றையும் பொறுக்காதே என்று அதைவிடத் தெளிவாகச் சொல்லமுடியாது. 2022இன் 'எல்டன் ரிங்' சின்னங்களை ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, பார்த்து நடக்கும் இன்பத்தை மீட்டுத் தந்தது. ஆனாலும் அதன் சுரங்கக் கல்லறைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன, ஒரே அரக்கன் திரும்பத் திரும்ப வருகிறான். அவ்வளவு பெரிய நிலத்தை நிரப்பும்போது மிகச் சிறந்தவர்களுக்கும் தைலமரம் தேவைப்பட்டுவிடுகிறது.

எனக்கு விடை கிடைத்தது செக் நாட்டில். பிராகில் உள்ள வார்ஹார்ஸ் ஸ்டுடியோஸ் 2018இல் வெளியிட்ட 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்', 1403ஆம் வருடத்துப் பொஹீமியாவில் நடக்கிறது. மந்திரம் இல்லை, டிராகன் இல்லை. மொத்தப் பரப்பு சுமார் 16 சதுர கிலோமீட்டர். நம் மாவட்டம் 4,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் என்பதை நினைத்துக்கொண்டால் அது எவ்வளவு சிறிய துண்டு என்பது புரியும். அந்த ஊர்களும் ஆறும் கோட்டையும் இன்றும் செக் நாட்டில் உள்ளவை. கதாநாயகன் கருமான் மகன், பெயர் ஹென்றி. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். ஓர் எழுத்தரிடம் போய்ப் பாடம் கேட்டு, பயிற்சி செய்யச் செய்ய, அதே பக்கத்தில் சொற்கள் மெல்லக் கூடிவரும். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு 1991-92இல் நம் மாவட்டத்தில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நினைவுக்கு வந்து கண் கலங்கியது. இரவு வகுப்பில் சிலேட்டோடு உட்கார்ந்த எங்கள் அப்பத்தா, பஸ்ஸில் எழுதியிருந்த 'ஆலங்குடி'யை முதல் முறையாகத் தானே கூட்டிப் படித்த கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அந்த இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்காகக் காத்துக்கிடந்த தூரம் அவர்கள் காலுக்குள் வந்தது. மாவட்டத்தின் பரப்பு ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை, அவர்களுடைய உலகம் பெரிதானது. விளையாட்டில் ஒரு சொடுக்கில் எங்கும் போய் இறங்கும் வசதியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சைக்கிள்களை நினைத்துக்கொள்வேன்.

'கிங்டம் கம்'மிலும் குறை உண்டு. நினைத்த இடத்தில் சேவ் செய்ய ஒரு மதுப் புட்டி குடிக்கவேண்டும் என்ற விதிக்கு எதிராகப் பெரும் கூச்சல் எழுந்து, விட்டு வெளியேறும்போது சேவ் ஆகும் வசதியைப் பிறகு சேர்த்தார்கள். ஆனால் அந்த நிலம் தன்னை நினைவு வைத்துக்கொண்டிருக்கிறது. எரிந்த ஊர் எரிந்த ஊராகவே கிடக்கிறது. ஸ்கைரிமில் உலகை விழுங்க வந்த டிராகனையே கொன்றுவிட்டு வந்தாலும், வாசல் காவலன் தன் முழங்காலில் அம்பு தைத்த கதையைத்தான் சொல்வான். நம் ஊர் அப்படியா? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தது. கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஒரு வாரம் கழித்து அப்பத்தா ஊருக்குப் போனபோது எனக்கு வழி தெரியவில்லை, திரும்பவேண்டிய முக்கில் நின்ற பலாமரம் இல்லை. இன்றைக்கும் அந்த இடத்துக்குப் பெயர் 'பலாமரத்து முக்கு'தான். புயலுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தமிழர் செய்த விளையாட்டு ஒன்றும் இதே திசையில் நிற்கிறது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. அம்மாவின் சமையல் ஏட்டில் எழுத்து அழிந்த இடங்களை நாமே ஊகித்து, இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்று கண்டுபிடிக்கவேண்டும். ஒன்று, ஒன்றரை மணிநேரத்தில் முடிந்துவிடும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டு என்ற விருதை அதற்குக் கொடுத்தது. அதைச் செய்தவர்களுக்கு இட்லி தெரியும். அதுதான் அங்கே நடந்த காரியம்.

நம் பிள்ளைகள் இன்று திருச்சியிலும் சென்னையிலும் கேம் டிசைன் படிக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் வீட்டிலிருந்தே விளையாட்டு செய்கிறார்கள். பெரிய ராஜ்ஜியம், நூறு போர், மேப் முழுக்கக் கோட்டை என்றுதான் அவர்கள் கனவும் தொடங்குகிறது. அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு கிலோமீட்டருக்கு நான்கு கிலோமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நார்த்தாமலையும் அதன் அடிவாரமும் போதும். மேலமலையில் விசயாலய சோழீச்சரம் இருக்கிறது. எதிரே சமணர் குடகில் பன்னிரண்டு திருமால்கள் வரிசையாக நிற்கிறார்கள். தலையருவிச் சிங்கம் என்ற சுனையில் தண்ணீருக்கடியில் குடைவரை லிங்கம் ஒன்று இருக்கிறது, நீரை இறைத்தால்தான் பார்க்கமுடியும். யாராவது சொன்னால்தான் அது அங்கே இருப்பதே தெரியும். அந்த மேப்பில் அம்புக்குறி வைக்காதீர்கள். ஊரணிக்கரையில் வழி சொல்ல ஒரு பெரியவரை உட்காரவையுங்கள், அவரைத் தமிழில் பேசவிடுங்கள்.